எழுவான்கரை வீட்டில் காலை வெளிச்சம்

களுதாவளையிலிருந்து நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருக்கும் மாமா தந்த பழைய டிஎஸ்எல்ஆர் கமெராவும், கையில் வழக்கமாக வைத்திருக்கும் கைபேசியும் உங்களிடம் இருக்கின்றன. பாசிக்குடாவுக்கும் அறுகம்குடாவுக்கும் அடிக்கடி போய்வர நேரமும் செலவும் இடங்கொடுக்கவில்லை. வீட்டையும் வளவையும் சுற்றியே எடுப்போம் என்று தொடங்கினால், எடுக்கத்தக்கதாக எதுவும் கண்ணில் படவில்லை. எடுத்த சிலவும் தட்டையாகவும் களையிழந்தும் இருக்கின்றன. என்ன எடுப்பது, எப்படி எடுப்பது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். ஆறும் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில், நின்ற நிலையில் எடுக்கப்பட்டவை. கிணற்றடி, கோழிக்கூடு, தேங்காய் துருவும் அம்மா, வேலியில் காயும் சாரம், இவற்றில் எதையும் நான் குறைசொல்ல மாட்டேன், எடுக்கவேண்டியவற்றைத்தான் எடுத்திருக்கிறீர்கள். எடுத்த நேரமும், கமெரா நின்ற உயரமும்தான் பொருந்தவில்லை. ஆகவே முதலில் நேரத்தைப் பற்றிப் பேசுவோம்.

நம் மட்டக்களப்பு மாவட்டத்தின் நிலத்தைப் பிரித்துப் பெயரிட்ட முன்னோர் வெளிச்சத்தைக் கொண்டே பிரித்தார்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட, நீங்கள் இருக்கும் ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று விரியும் வயல் நிலம் படுவான்கரை. எழுவான் என்பது எழுகின்ற ஞாயிறு, படுவான் என்பது படுகின்ற ஞாயிறு. படமெடுக்க விரும்பும் ஒருவர் தன் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டிய முதற்செய்தி இந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது: எந்தச் சுவர் எழுவானைப் பார்க்கிறது, எந்தச் சுவர் படுவானைப் பார்க்கிறது?

மட்டக்களப்பு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எட்டுப் பாகைக்குள் இருப்பதால், இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே உதித்து, ஏறத்தாழ நேர்குத்தாக மேலே ஏறுகிறது. மணிக்கு 13 முதல் 15 பாகை வரை அது உயர்ந்துவிடும். குளிர்நாடுகளில் நெடுநேரம் நீடிக்கும் பொன்வெளிச்சம் நமக்கு ஏழேகால் மணிக்குள் முடிந்துபோகிறது. எட்டரை மணிக்கு முகங்களில் கண்குழிகள் கறுக்கத் தொடங்கும். பத்து மணிக்குப் பிறகு மண்முற்றம் வெள்ளையாக எரியும், திண்ணைக்குள் எல்லாம் கரியாகத் தெரியும். உங்கள் படங்கள் தட்டையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னுமொன்றையும் கவனியுங்கள். சூரியன் எப்போதும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. ஜூன் மாதக் கடைசியில் சரிகிழக்குக்கு வடக்கே ஏறத்தாழ 23 பாகை தள்ளியும், டிசம்பர் மாதக் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளியும் அது எழுகிறது. நம் பக்கத்தில் பல வீடுகளில் குசினி தென்கிழக்கான அக்கினி மூலையில் இருக்கிறது. ஆகவே மார்கழியிலும் தையிலும், மழை ஓய்ந்த காலைகளில், வெயில் குசினிக்குள் நேரே நுழைகிறது. ஆனியில் அதே குசினிக்கு அந்த நேர்வெளிச்சம் கிடைப்பதில்லை. ஏப்ரல் 10ஐ ஒட்டிய நாள்களிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். கிணற்றடியில் நட்ட தூணுக்கு நிழலே விழாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து வருவதால், வீட்டின் தென்புற விறாந்தை மென்மையான நிழலில் இருக்கும். வெளியே மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதப் பகலில்கூட அந்த விறாந்தையில் நல்ல முகப்படம் எடுக்கலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை வானம் மூடியிருக்கும் நாள்களில் நேரக் கட்டுப்பாடே தளர்ந்துவிடுகிறது. மேகம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுவதால் எந்த மணிக்கும் எடுக்கலாம், ஈரமான கிடுகும் கழுவிவிட்ட வாழையிலையும் தம் உண்மையான நிறத்தில் வரும்.

இதை ஏட்டில் படித்தால் போதாது. ஒரு வாரம் கமெராவைத் தொடாமல், வீட்டின் ஒரே ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து, அங்கே வெளிச்சம் எப்போது வருகிறது, எந்த வழியாக வருகிறது, எதன்மேல் விழுகிறது, எப்போது விலகுகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். எங்கள் குசினியின் கிழக்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, புகை போவதற்கென்று விட்ட இடைவெளி உண்டு. தை மாதத்தில் ஏழரை மணியளவில் வெயில் அதனூடாக இறங்கி எதிர்ச்சுவரில் இடுப்பளவு உயரத்தில் விழும். விறகடுப்பின் புகை அந்தக் கற்றையைக் கண்ணுக்குத் தெரியச்செய்யும். எட்டு மணிக்குள் அது சுவரிலிருந்து வழுக்கித் தரைக்கு வந்து, அம்மா பிட்டுக் குழலை இறக்கிவைக்கும் பலகையின்மேல் ஒரு சாண் அகலத்துக்கு நிற்கும். குழலிலிருந்து பிட்டைத் தள்ளும்போது எழும் ஆவி அந்த ஒரு சாணுக்குள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்து, அதற்கு மேலே இருட்டில் மறைந்துவிடும். அந்தப் படத்தை நான் எடுத்தது, அந்த இடத்தைக் கவனிக்கத் தொடங்கிய நான்காவது ஆண்டில்.

வீட்டில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்ற உங்கள் வாக்கியத்துக்கு ஒளிப்படக் கலையின் தொடக்கமே மறுமொழி சொல்கிறது. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கமெராப் படம், பிரான்சில் நீசெஃபோர் நியெப்ஸ் 1826இலோ 1827இலோ தம் வீட்டு மேல்மாடிச் சாளரத்திலிருந்து எடுத்தது. அதில் இருப்பவை கூரையும் புறக்கட்டடங்களும்தான். ஒரு முழுப்பகல் போல நெடுநேரம் தகட்டைத் திறந்து வைத்திருந்ததால், முற்றத்தின் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் விழுந்திருப்பதை அதில் காணலாம். எழுவானும் படுவானும் ஒரே படத்துக்குள் வந்துவிட்டன. இங்கிலாந்தில் ஹென்றி ஃபொக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் எடுத்த, எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய நெகட்டிவும் அவருடைய வீட்டுச் சாளரத்தின் படமே. பிராக் நகரத்தில் ஜோசெப் சூடெக், முதலாம் உலகப்போரில் வலக்கையை இழந்தவர், 1940 முதல் 1954 வரை தம் வேலைக்கூடத்தின் சாளரத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் படிந்த பனியும், அப்பாலுள்ள வளைந்த மரமும், சாளர விளிம்பில் வைத்த ஒரு குவளையும் பதினான்கு ஆண்டுகளுக்குப் போதுமானவையாக இருந்தன.

ஆனால் நம் மாவட்டத்தவர் அன்றாடக் காட்சிகளை எடுக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் கலை வரலாறு அன்று. 1978 நவம்பர் சூறாவளி, 1990இன் இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவற்றில் இங்குள்ள குடும்பங்கள் இழந்த அல்பங்களுக்குக் கணக்கில்லை. கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்த படங்கள் யாவும் ஆழிப்பேரலை வந்த காலையில் போய்விட்டன. தப்பியது, திருகோணமலையில் பெரியம்மாவிடம் பிரதி இருந்த ஒரே படம். தங்கையின் முதலாம் பிறந்தநாளுக்கு ஸ்டூடியோக்காரர் வந்து எடுத்தது. நடுவில் கேக், பின்னால் வரிசையாக நாங்கள். இடப்புற ஓரத்தில், சட்டகத்துக்குள் தவறி வந்ததுபோல, குசினிக் கதவின் பாதியும், நீலம் பூசிய அரைச்சுவரும், அம்மம்மாவின் முழங்கைக்குக் கீழே ஒரு கையும், அந்தக் கை பிடித்திருக்கும் சுளகின் விளிம்பும் தெரிகின்றன. அவர் வந்து வரிசையில் நிற்க மறுத்து உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும் எங்கள் வீட்டார் எவரும் கேக்கைப் பார்ப்பதில்லை. எல்லாருடைய கண்ணும் அந்த ஓரத்துக்கே போகிறது. அந்த வீட்டைப் பற்றி எங்களிடம் இருப்பது அந்த நான்கு விரல் அகலம் மட்டுமே. எந்த வீட்டிலும் கலியாணமும் பூப்புனித நீராட்டும் எப்படியும் படமாகிவிடும்; நெல் புடைப்பதும், அரிசி களைவதும், பிள்ளைக்குத் தலை இழுப்பதும், அப்பா சைக்கிளுக்கு ஒட்டுப்போடுவதும் வீட்டிலுள்ள ஒருவர் மனம்வைத்து எடுத்தாலன்றி எஞ்சப்போவதில்லை.

இனி உயரத்தைப் பற்றி. நம் வீட்டு வேலைகளில் பெரும்பகுதி தரையை ஒட்டி நடக்கிறது. திருவலையில் ஏறி இருந்து தேங்காய் துருவுவது, அம்மியில் அரைப்பது, மீன் வெட்டுவது, பன்பாய் இழைப்பது, வெற்றிலை அடுக்குவது, இவை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு உட்பட்ட வேலைகள். நின்றுகொண்டு எடுத்தால் தலையின் வகிடும் தோளும் தரையும்தான் வரும். கையும் முகமும் ஒன்றையொன்று பார்க்கும் உறவு படத்தில் வராது. நீங்களும் கீழே இருங்கள். கமெரா அவர்களுடைய நெஞ்சுயரத்தில் இருக்கட்டும். உங்கள் தாயார் தேங்காய் துருவும் படத்தை அப்படி மறுபடி எடுத்துப் பாருங்கள்: சிரட்டையைச் சுழற்றும் கை முன்னாலும், பூ விழும் தட்டு கீழேயும், சற்றே சாய்ந்த முகம் மேலேயும் தாமாகவே பொருந்தி வரும்.

சட்டகத்துக்குள் இருப்பவற்றை அகற்றாதீர்கள். ஊதா நிறப் பிளாஸ்டிக் வாளியையும், எரிவாயுச் சிலிண்டரையும், ரைஸ் குக்கரையும் ஒதுக்கிவிட்டு மண்சட்டியை மட்டும் எடுத்து அதைக் கிராமிய அழகு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி எடுத்த படம் 1960இலும் எடுத்திருக்கலாம், இன்றும் எடுத்திருக்கலாம்; எடுத்தவரின் வீடு அதில் இல்லை. முப்பது ஆண்டு கழித்து உங்கள் பிள்ளைகள் தேடப்போவது அந்த வாளியையும் சுவரில் தொங்கிய கலண்டரையும்தான். இதே காரணத்துக்காகத்தான், பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையை வீட்டுக்குள் பயன்படுத்தவேண்டாம் என்கிறேன். அது சுளகின் விளிம்பையும் நரைமுடியையும் சேர்த்து அழிப்பது ஒரு குறை. வீட்டையே அழிப்பது பெரிய குறை.

கருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கைபேசியானால், எடுப்பதற்கு முன் லென்ஸை மென்மையான பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் பட்ட விரல்தடமும் கடற்கரையின் உப்பீரமும் சேர்ந்து வெளிச்சத்தைப் பால்போலக் கலக்கிவிடும். ஃபிளாஷை அணைத்துவையுங்கள். குசினி போன்ற இடத்தில் கைபேசி இருட்டைக் கண்டு படம் முழுவதையும் வெளிறச்செய்யும். ஆகவே வெளிச்சம் படும் இடத்தைத் திரையில் தொட்டு, விரலை அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டி, பிறகு பக்கத்தில் தோன்றும் சூரியக்குறியைக் கீழே இழுத்துச் சற்று இருட்டாக்குங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். இரவு முறை பல படங்களை ஒன்றிரண்டு விநாடிகளுக்கு எடுத்துச் சேர்ப்பதால், அசையும் கைகள் குழம்பிவிடும். அசையாத அடுப்பையும் பாத்திரத்தையும் எடுக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிட இரண்டடி முன்னால் போவது மேல். ஆனால் கைபேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற பார்வையுடையது என்பதால், முகத்தை ஒரு முழத்துக்குள் நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். முகத்துக்கு நான்கைந்து அடி தள்ளி இருங்கள்.

டிஎஸ்எல்ஆர் ஆனால், லென்ஸின் துளையளவை நாமே தீர்மானிக்கும், ஏ (A) அல்லது ஏவி (Av) என்று குறித்த முறையில் வைத்து, லென்ஸ் திறக்கக்கூடிய அளவுக்குத் திறந்துவிடுங்கள். வேலை செய்யும் கைகள் தெளிவாக வர ஷட்டர் வேகம் விநாடியின் 125இல் ஒரு பங்காவது வேண்டும். அது கிடைக்கும்வரை, கமெராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை (ISO) 800, 1600 என்று உயர்த்துங்கள். பழைய கமெராவில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று அஞ்சவேண்டாம். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்க முடியும், கலங்கிய படத்தை மீட்க முடியாது. நிறச்சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் வெயில் குறியில் நிறுத்தினால், அடுப்புத் தணலின் செம்மையும் காலையின் மஞ்சளும் உள்ளபடி பதியும். பிறகு லென்ஸ் வாங்கும் எண்ணம் வந்தால், சிறிய அறைகளுக்கு 50 மில்லிமீற்றரைவிட 35 மில்லிமீற்றர் பொருந்தும். உங்களுடையது போன்ற, வெளிச்சத்தைப் பதியும் உணரி சிறியதாக உள்ள கமெராவில் 50 வைத்தால் முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போகவேண்டியிருக்கும்.

வீட்டு மனிதரை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். கமெராவைக் கண்டதும் அவர்கள் வேலையை விட்டு எழுந்துவிடுவார்கள். என் மாமியிடம் முதன்முதல் கமெராவோடு போனபோது, "என்னத்துக்கு மனே இந்தக் கோலத்தில எடுக்காய்? நில்லு, சீலைய மாத்திற்று வாறன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். தடுக்கவேண்டாம். சேலை மாற்றி, பவுடர் போட்டு, கதிரையில் நிமிர்ந்து இருக்கும் அந்தப் படத்தை முதலில் முழு மரியாதையோடு எடுங்கள். தான் எப்படிக் காணப்படவேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமையுண்டு. அதை ஸ்டூடியோவில் அச்சிட்டு, கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். பிறகு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கமெராவோடு போய்ப் பக்கத்தில் இருங்கள். ஒரு மாதத்துக்குள் கமெரா வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடும். செய்த வேலையை மறுபடி செய்துகாட்டச் சொல்லாதீர்கள். தப்பிய காட்சி நாளைக் காலையும் வரும் என்பதே வீட்டில் எடுப்பதன் பெரிய வசதி.

வேலிக்கு அப்பால் போகும்போது நிலைமை வேறு. பக்கத்து வளவின் கிணற்றடி உங்கள் சாளரத்திலிருந்து எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், கேளாமல் எடுக்கக்கூடாது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் நம் கரையில், பெண்களைப் படமெடுப்பது பற்றி வீட்டுக்கு வீடு எண்ணம் வேறுபடும். எடுத்துவிட்டுச் சொல்வதற்கும் கேட்டுவிட்டு எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அயலவர் மறப்பதில்லை. பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதமின்றி எங்கும் பகிராதீர்கள். முகாம்கள், காவலரண்கள் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.

வளவுக்கு வெளியே உங்களுக்கு வாய்த்திருக்கும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். களுதாவளை வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊர். கொடிகள் நிற்கும் வரிசைக்குள் காலையில் போய், சூரியனுக்கு எதிர்முகமாக நின்று, இலை உங்களுக்கும் வெயிலுக்கும் நடுவில் வரும்படி எடுங்கள். முன்வெளிச்சத்தில் பச்சைத் தகடாகத் தெரிந்த இலை, பின்வெளிச்சத்தில் நரம்பு நரம்பாக விளங்கும். கொழுந்து கிள்ளுகிறவரின் விரல் நிழல் இலையின் மறுபக்கத்தில் தெரியும். மாலையில் அதே போல மேற்கே வாவிக்கரைக்கு நடந்தால், தோணியில் நின்று வீச்சுவலை எறிபவர் வெளிச்சத்துக்கு எதிரே கறுத்த உருவமாக நிற்பார். அது எளிதாகக் கிடைக்கும் படம், எல்லாரும் எடுக்கும் படம். அவர் வீடு திரும்பி, மனைவியும் பிள்ளைகளும் சுற்றியிருந்து வலையிலிருந்து இறாலைப் பிரித்தெடுக்கும் அரைமணி நேரத்தை, அவர்கள் இசைந்தால், எடுங்கள் என்பேன்.

எடுத்தவற்றைக் காப்பதில் நம் காலநிலை பெரும் எதிரி. உப்பும் ஈரமும் சேர்ந்து லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கச்செய்யும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு கமெராவை வையுங்கள், தோற்பையில் பூட்டிவைக்காதீர்கள். படங்களுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், மூன்றாவது இன்னோர் ஊரிலோ இணையச் சேமிப்பிலோ. எங்கள் ஒரே படம் தப்பியது அது வேறோர் ஊரில் இருந்ததால்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் நனைந்த பழைய படங்கள் உறவினர் வீட்டில் இருந்தால், ஒட்டியிருப்பவற்றைப் பிய்க்காமல், சுத்தமான குளிர்நீரில் மெல்ல அலசி, படப்பக்கம் மேலாக நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள்.

மாதத்துக்கு நாலைந்து படங்களையாவது நாலுக்கு ஆறு அங்குலத்தில் அச்சிடுங்கள். பின்புறத்தில், விளிம்பை ஒட்டி, அழுத்தாமல் எழுதுங்கள். சாதாரண பேனை மை மறுபக்கம் ஊறக்கூடும், மென்மையான பென்சில் எழுதும் தாளானால் அதுவே நல்லது. யார், என்ன வேலை, எந்த வீட்டின் எந்தப் பக்கம், எந்த மாதம் என்று நான்கும் இருக்கவேண்டும். "அம்மா" என்று மட்டும் எழுதாமல் அவருடைய பெயரை முழுமையாக எழுதுங்கள்; அந்தப் படத்தைப் பின்னாளில் கையில் எடுப்பவருக்கு அவர் பூட்டியாக இருக்கக்கூடும்.